1938-ஐயும் பாடத்தில் சேருங்கள்: அனைத்துலக உறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அனைத்துலக உறவு இளங்கலைப் பாடத்திட்டத்தைத் திருத்த உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோலாலம்பூரில் அந்தப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுப்பவன் நான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வீட்டு மாடியில் வகுப்பு. வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். உங்கள் விரிவுரைக் குறிப்பு, இடுபணி, பழைய தேர்வுத் தாள் எல்லாம் அவர்கள் வழியாக என் மேசைக்கு வந்துவிடுகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொல்லப்போகும் குறை பல துறைகளுக்கும் பொருந்தும். மலாய் மொழியிலும் இதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் பொதுவில் வைப்பது, பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரியாமலே கட்டணம் கட்டும் பெற்றோருக்காக.

பதினான்கு வாரப் பாடம். முதல் பாதி முழுக்க யதார்த்தவாதமும் (அரசுகள் பலத்துக்காகப் போட்டி போடுகின்றன என்பது) தாராளவாதமும் (ஒத்துழைப்பு அதைத் தணிக்கும் என்பது). அப்புறம் கன்ஸ்ட்ரக்டிவிசம் (கருத்துகளும் அடையாளங்களும் அரசுகளை வடிவமைக்கின்றன என்பது), பாதுகாப்பு, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான். பன்னிரண்டாவது வாரம் வந்ததும் மார்க்சியம், விமர்சனக் கோட்பாடு, பெண்ணியம், பின்காலனியம், பின்னமைப்பியல் ஐந்தும் ஒரே விரிவுரையில், இரண்டு மணி நேரத்தில். வாழையிலையின் ஓரத்தில் வைக்கும் ஊறுகாய் போல. அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வாரம் வகுப்பில் பாதி நாற்காலி காலி.

என் வேண்டுகோள் இதுதான்: அந்தப் பன்னிரண்டாம் வாரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். அதை ஐந்து அயல்நாட்டுச் சிந்தனைப் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலாக நடத்தாமல், இந்த மண்ணில் நடந்த பேச்சுவார்த்தைகளை வைத்து நடத்துங்கள். அதிலும் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி அரசுகள் பேசிய பேச்சிலிருந்து, மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்தியா தடை செய்த 1938-இலிருந்து தொடங்குங்கள்.

யதார்த்தவாதத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. இதை இப்போதே சொல்லாவிட்டால், இன்னொரு இடதுசாரிப் புலம்பல் என்று இந்தக் கடிதத்தை ஓரம் கட்டிவிடுவீர்கள். 1964 செப்டம்பரில் இந்தோனேசிய வான்குடைப் படையினர் ஜொகூர் லாபிஸ் பகுதியில் இறங்கினார்கள். மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குப் போனது. நார்வே கொண்டுவந்த தீர்மான வரைவுக்கு 11 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரவு. சோவியத் ஒன்றியம் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது, தீர்மானம் செத்தது. கடைசியில் நம் வீரர்களோடு காட்டில் காவல் நின்றவை பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள். சின்ன நாடு, பெரிய அண்டை, மேலே வல்லரசுகள். யதார்த்தவாத அறிஞர்களான மோர்கெந்தாவும் வால்ட்சும் எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? (அப்போது ஐ.நா.வில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதி ஆர். ரமணி. இந்திய வம்சாவளியில் வந்த வழக்கறிஞர். 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்துக்கே தலைமை வகித்தவர். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அவர் பெயர் தெரியவில்லை. அதற்குக் கோட்பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது, நம் எல்லாரையும் சொல்ல வேண்டும்.)

ஆனால் அந்தக் கோட்பாடு தொடங்கும் இடமே அரசுகள் ஏற்கெனவே எழுந்து நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இடம். அந்த அரசுகள் எப்படி வந்தன, யாரை உள்ளே சேர்த்தன, யாரை வெளியே விட்டன என்று அது கேட்காது. கனடியக் கோட்பாட்டாளர் ராபர்ட் காக்ஸ் 1981-இல் இந்த வேறுபாட்டைத்தான் பிரித்துக் காட்டினார்: இருக்கிற ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் சிக்கலைத் தீர்க்கும் கோட்பாடு ஒன்று, அந்த ஏற்பாடு எப்படி உருவானது, மாறுமா என்று கேட்பது இன்னொன்று. எந்தக் கோட்பாடும் யாரோ ஒருவருக்காக, ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே இருக்கிறது என்பது அவர் சொன்னதில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரி. உங்கள் மாணவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சரி, நம் பாடநூல் யாருக்காக என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

கேட்டால் பதில் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919-இல் வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் இத்துறைக்கென்று பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது, இனிப் போர் வராமல் தடுக்கத்தான் இந்தப் படிப்பு என்று முதல் வாரத்தில் சொல்லித் தருகிறீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் இதே துறையின் முதல் இதழ் 1910-இல் ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’ என்ற பெயரில் தொடங்கியது என்பதும் உண்மைதான். 1919-இல் பெயர் மாற்றினார்கள். 1922-இல் அது இன்று எல்லாரும் மேற்கோள் காட்டும் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ ஆனது. ராபர்ட் விட்டாலிஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்த வரலாற்றைத் தோண்டி எடுத்து எழுதிவிட்டார்கள். வெள்ளையர் அல்லாத மக்களை எப்படி ஆள்வது என்ற கவலையும் போரைத் தடுக்கும் கவலையோடு சேர்ந்தே இத்துறையைப் பெற்றெடுத்தது. முதல் வார விரிவுரையில் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நம் மண்ணின் கதைக்கு மட்டும் ஐந்து நிமிடம் போதாது.

1922-இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் ஒன்று வந்தது. அதன் கீழ் மலாயாவில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அலுவலகம் போட்டார். தோட்டம் தோட்டமாகப் போய் லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), தண்ணீர், மருத்துவம், சம்பளம் எல்லாம் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். இவர் தூதரா? இந்தியா பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது, மலாயாவும் பிரிட்டனின் பிடியில் இருந்தது. ஒரே மகுடத்துக்குக் கட்டுப்பட்ட இரண்டு நிர்வாகங்கள் தமிழ்த் தொழிலாளியின் தினக்கூலியைப் பற்றிப் பேரம் பேசின. உங்கள் பாடநூல் வரையறைப்படி இது அனைத்துலக உறவே கிடையாது, ஏனென்றால் இறையாண்மை உள்ள அரசுகள் இரண்டு இல்லை. ஆனால் நடந்தது முழுக்க அரசதந்திரம். அறிக்கை, எதிரறிக்கை, தூதுக்குழு, மிரட்டல், தடை எல்லாம் உண்டு.

1930களின் பொருளாதார மந்தத்தில் தோட்டச் சம்பளம் வெட்டப்பட்டது. 1936 கடைசியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி நிலைமையைப் பார்க்க வந்தார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய அறிக்கை, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்குச் சம்பளத்தைத் திருப்பச் சொன்னது. ஆனால் இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவதை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. மலாயாவின் இந்தியர் மத்திய சங்கத்துக்கு அந்த இரண்டாவது பகுதி பிடிக்கவில்லை. 1937-இல் நேருவும் இங்கே சுற்றுப்பயணம் வந்து போனார். 1938-இல் ரப்பர் விலை சரிந்து முதலாளிகள் மறுபடியும் சம்பளத்தில் கை வைத்தபோது, ஜூன் மாதம் இந்திய அரசு உதவியோடு நடக்கும் தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்தது.

இதை வகுப்பில் வைத்துப் பாருங்கள், எத்தனை கதவு திறக்கிறது என்று. சுதந்திரம்கூட இல்லாத ஒரு நாடு, உலகின் மிகப் பெரிய பேரரசின் ரப்பர் வருமானத்தோடு மோதி ஒரு முடிவை எடுக்கிறது. படை பலத்தை எண்ணினால் இதற்கு விளக்கம் கிடைக்காது. தேசிய இயக்கம், பத்திரிகைகள், சங்கங்கள், தோட்டத்தில் கிளம்பிய அதிருப்தி எல்லாம் சேர்ந்து ஒரு காலனி அரசை அதன் எஜமானுக்கு எதிராகவே கொஞ்சம் நகர்த்தின. காக்ஸ் சொன்ன சமூக சக்திகள் இவைதான். அப்புறம் அந்த 10 காசு. ஆணும் பெண்ணும் ஒரே நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். பேச்சுவார்த்தையில் 50-ஆ 45-ஆ என்று சண்டை போட்டவர்களில் பெண்ணுக்கு ஏன் 10 காசு குறைவு என்று முதன்மையாகக் கேட்டவர்கள் யார்? பெண்ணிய ஆய்வாளர் சிந்தியா என்லோ 1989-இல் உலக அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, வாழைத் தோட்டத்தையும் படைத்தளத்தையும் தூதர் மனைவியின் வரவேற்பறையையும் காட்டினார். நமக்கு வாழைத் தோட்டம் வரை போக வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாட்டிமார் பால்வாளி தூக்கியவர்கள்.

இங்கேயே நிறுத்தினால் இது நம் இனப் பெருமை, இனச் சோகம் என்று முடிந்துவிடும். அதனால் அடுத்த படிக்குப் போவேன். 2009-இல் இந்தோனேசியா, மலேசியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தி வைத்தது. காரணம், இங்கே சில வீடுகளில் அவர்கள் பட்ட கொடுமை. பேச்சு நடந்து 2011 மே மாதம் பாண்டுங்கில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன: வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, கடப்பிதழ் பணிப்பெண்ணிடமே இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம் வந்தது. ஆளெடுக்கும் முறையில் ஒப்பந்தத்தை மீறினோம் என்று சொல்லி ஜூலையில் மறுபடி நிறுத்தினார்கள், ஆகஸ்டில் திறந்தார்கள்.

1938-இல் டில்லி செய்ததை 2009-இல் ஜகார்த்தா செய்தது. முன்பு ஆள் அனுப்பிய பக்கத்தில் இருந்தோம், இப்போது ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறோம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியபோது வகுப்பில் ஒரு மாணவி, “எங்க வீட்டு அக்காவோட பாஸ்போர்ட் அப்பாகிட்டதான் சார் இருக்கு,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நடந்த விவாதம் ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது, காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை போனது. விமர்சனக் கோட்பாடு என்ற சொல்லை நான் அதுவரை வாயிலேயே எடுக்கவில்லை.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. அதைக் கட்டியதில் நேச நாட்டுப் போர்க் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் பல மடங்கு அதிகம் இறந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் தோட்டத் தமிழர்கள் மிகப் பெரும் பகுதி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒரு மயானம் இல்லை. போருக்குப் பின் கணக்குத் தீர்த்த விதத்தைப் பாருங்கள். 1951-இல் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கை கையெழுத்தானபோது மலாயா சுதந்திர நாடு இல்லை. பிரிட்டன்தான் மேசையில் இருந்தது. பிறகு 1960களில் சீன சமூகம் ஜப்பானியர் செய்த படுகொலைகளுக்கு ரத்தக் கடன் கேட்டுப் போராடியது. 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் ஒப்பந்தம் செய்தன: 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்கு ஜப்பானியப் பொருள்களும் சேவைகளும். அத்தோடு போர்க்காலப் பிரச்சினைகள் எல்லாம் முற்றாகத் தீர்ந்தன என்று இரு அரசுகளும் எழுதி வைத்தன.

அரசுக்கும் அரசுக்கும் இடையே அது தீர்ந்தது. கணவனை ரயிலுக்கு அனுப்பிவிட்டு லயத்தில் காத்திருந்த பெண்ணுக்கு என்ன தீர்ந்தது? அவள் இந்தக் கணக்கில் ஒரு தரப்பே இல்லை. குடிமக்களின் இழப்பை அரசு தன் இழப்பாக எடுத்துக்கொண்டு பேசலாம், விட்டுக்கொடுக்கலாம், முடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை உங்கள் நூல் ‘அரசுகளே முதன்மைச் செயற்பாட்டாளர்கள்’ என்று ஒரே வரியில் கடந்து போகிறது. அந்த வரிக்குள் யாரெல்லாம் காணாமல் போகிறார்கள் என்று கேட்க வைப்பதற்குத்தான் இந்தப் பாடம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நல்லுறவின் வெற்றியாக இதைப் பாராட்டி எழுதலாம், அப்படி எழுதவும் செய்தார்கள்.

பினாங்குப் பிள்ளைகள் என்றால் 1786-ஐ வைத்துத் தொடங்கலாம். சயாமுக்கு எதிராகப் படை உதவி வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் கெடா சுல்தான் தீவை விட்டுக்கொடுக்க முன்வந்தார். பிரான்சிஸ் லைட் ஆகஸ்டில் கொடி ஏற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி படை உதவிக்கு ஒப்பவில்லை. சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்ற பிறகு 1791-இல் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று உடன்படிக்கை. 1800-இல் எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையும் போனது, தொகை 10,000 ஆனது. 1821-இல் சயாம் கெடாவைத் தாக்கியபோது கம்பெனி வேடிக்கை பார்த்தது. இறையாண்மை ஐரோப்பாவில் முழுதாக வளர்ந்து பிறகு இங்கே ஏற்றுமதி ஆனது அல்ல, இப்படிப்பட்ட காலனியப் பேரங்களில்தான் அது உருப்பெற்றது என்று இலங்கையில் பிறந்த சட்ட அறிஞர் ஆண்டனி ஆங்கி வாதிடுகிறார். அதை ஜார்ஜ்டவுன் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு படித்தால் தலையில் ஏறும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், நீங்கள் எதிர்ப் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக. சில இளம் விரிவுரையாளர்கள் விமர்சனக் கோட்பாட்டை நடத்தும் விதம் எனக்குப் பயமாக இருக்கிறது. மோர்கெந்தாவை மனப்பாடம் செய்த இடத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவை மனப்பாடம் செய்கிறார்கள். இடுபணியில் பத்துப் பக்கம் ‘அதிகாரம்’, ‘சொல்லாடல்’, ‘மற்றமை’ என்று போகிறது. மலேசியாவில் நடந்த ஒரு சம்பவம், ஒரு ஆண்டு, ஒரு ஆளின் பெயர் கிடையாது. இந்த நோயை நம் ஊர்க்காரரே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். சையத் ஹுசேன் அலத்தாஸ் 1970களின் தொடக்கத்தில் சிறைப்பட்ட மனம் என்று எழுதியது இதைத்தான்: மேற்கிலிருந்து வருவதைச் சொந்தப் பிரச்சினையோடு உரசிப் பார்க்காமல் அப்படியே விழுங்கும் படிப்பாளி. மேற்கின் விமர்சகர்களை அப்படி விழுங்கினாலும் அது அதே நோய்தான். மலாயா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அவர். உங்கள் வாசிப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

எஸ். எம். முகமது இத்ரிஸ் பெயரும் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழ் முஸ்லிம், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் நெடுநாள் தலைவர். பினாங்கிலிருந்து 1984-இல் தொடங்கிய ‘தர்ட் வேர்ல்ட் நெட்வொர்க்’ அமைப்பு, அவரும் மார்ட்டின் கோரும் உழைத்து வளர்த்தது. உலக வர்த்தக நிறுவனத்தின் பேச்சுவார்த்தைகளில் வரைவுகளை வரி வரியாகப் பிரித்து, எந்த வரி ஏழை நாட்டின் மருந்து விலையை ஏற்றும், எந்த வரி விவசாயியின் விதையைப் பிடுங்கும் என்று வளரும் நாடுகளின் பேராளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கூட்டம் அது. கோட்பாடு என்று பெயர் வைக்காமலே செய்த விமர்சனக் கோட்பாடு. அரசும் சில நேரம் இந்த வேலையைச் செய்திருக்கிறது: 1982-இல் ஐ.நா. பொதுப் பேரவையில் அன்றைய பிரதமர் மகாதீர் எழுந்து, அண்டார்டிகாவை ஒரு சில நாடுகள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டார். 2011-இல் மலேசியா அதே அண்டார்டிக் உடன்படிக்கையில் போய்ச் சேர்ந்துகொண்டது. இதை நடத்தினால் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் வரும், பாடமும் புரியும்.

அரசதந்திரத்தின் அன்றாட வேலையைப் பற்றியும் ஒன்று. நார்வே வெளியுறவு அமைச்சில் வேலை பார்த்த நியூமன் என்ற ஆய்வாளர், அமைச்சரின் உரை எப்படி எழுதப்படுகிறது என்று உள்ளிருந்தே பார்த்து எழுதினார். ஒவ்வொரு பிரிவும் தலையாட்டும்வரை வரைவு சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் அமைச்சு முழுதும் ஒப்புக்கொள்ளும் உரை கிடைக்கும், புதிதாக எதுவும் இருக்காது. ஆசியான் கூட்டறிக்கை படித்தவர்களுக்கு இது பழகிய கதை. 2015 மே மாதம் மியன்மாரிலிருந்து தப்பிய ரோகிங்கியா அகதிகளின் படகுகள் அந்தமான் கடலில் மிதந்தபோது, மலேசிய, இந்தோனேசிய, தாய்லாந்து வெளியுறவு அமைச்சர்கள் புத்ராஜெயாவில் கூடினார்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் 7,000 பேருக்கு ஓராண்டு தற்காலிக இடம் தர ஒப்புக்கொண்டன. மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. மியன்மார் அந்த மேசையில் இல்லை. படகில் இருந்தவர்களுக்குப் பேச ஒரு அரசும் இல்லை. அந்தக் கூட்டறிக்கையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியும் யாருடைய சம்மதத்துக்காக அப்படி எழுதப்பட்டது, எது விடப்பட்டது என்று குறிக்கச் சொல்லுங்கள். நல்ல அதிகாரியாகப் போகிறவனுக்கும் இந்தப் பயிற்சி உதவும். விஸ்மா புத்ராவில், அதாவது நம் வெளியுறவு அமைச்சில், சேர ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை அரசுக்கு எதிரியாக்க நான் இதைக் கேட்கவில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? இரண்டாம் வாரத்திலேயே 1938-ஐயும் 2009-ஐயும் ஒன்றாக நடத்துங்கள்; யதார்த்தவாதம் அதற்குப் பிறகு வரட்டும், அப்போது அதை எதிர்த்துக் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது இருக்கும். இடுபணியில் தமிழ், மலாய், சீன மொழி மூலங்களையும் மேற்கோளாக ஏற்றுக்கொள்ளுங்கள். ரயிலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களிடம் எடுக்கும் நேர்காணலும் ஒரு மூலம்தான் என்று எழுத்தில் சொல்லுங்கள். தேர்வில் ஒரு கேள்வியாவது இதிலிருந்து கட்டாயமாக வரட்டும். தேர்வில் வராததை எந்தப் பிள்ளையும் படிக்காது, இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேரம் இல்லை, பதினான்கு வாரம்தான் இருக்கிறது என்பீர்கள். பனிப்போர் காலத்து அணுஆயுதச் சமநிலைக்கு முழுதாக இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறீர்களே, அதில் ஒன்றை விடலாம்.

இந்திய ஏஜெண்டின் ஆண்டறிக்கைகள், சீனிவாச சாஸ்திரி அறிக்கை, 1967 ஒப்பந்தம், 2011 ஒப்பந்தத்தின் முக்கியக் கூறுகள் ஆகியவற்றைத் தொகுத்து மலாய், தமிழ்க் குறிப்புகளோடு ஒரு வாசிப்புக் கட்டு தயார் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் சொல்லுங்கள், குழுவில் உள்ள அனைவருக்கும் ஆளுக்கொரு படி நகலெடுத்துக் கொண்டுவந்து தருகிறேன். நகல் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பகுதி நேரப் பயிற்றுநர் ஒருவர்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்